14 வயது, திடீர் உயரம், கைவிட்டுப் போன டிரிபிள் லுட்ஸ்: ஜூனியரில் எப்படித் தொடர்வது?

ரிங்க் வாசல் அம்மா எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவில் நெடுநாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 14 வயது. வருகிற நவம்பரில் 15 நிறைகிறது. பெண்கள் தனிநபர் ஃபிகர் ஸ்கேட்டிங். போன சீசனில்தான் ஜூனியராக இறங்கினாள். ஜூனியர் கிராண்ட் பிரியில் (ஜூனியர்களுக்கான சர்வதேசப் போட்டித் தொடர்) ஒரு போட்டிக்கு இடமும் கிடைத்தது, பட்டியலில் நடுவாக்கில் வந்தாள். சீசன் தொடங்கும்போது சால்கோ, டோ லூப், லூப், ஃபிளிப், லுட்ஸ் என்று ஐந்து டிரிபிளும் (மூன்று சுற்று ஜம்ப்) கைவசம் இருந்தன. அதற்கப்புறம்தான் உயரம் பிடித்தது. அப்படி ஒரு வளர்த்தி. ஒரு போட்டிக்கென்று தைத்த உடை அடுத்த போட்டிக்குள் தோளில் இறுக்கிப் பிடிக்கிறது. முதலில் லுட்ஸ் போனது, பிறகு ஃபிளிப்பும் ஆட்டம் கண்டது. சீசனின் கடைசிப் போட்டியில், ஷார்ட் புரோகிராமில் (போட்டியின் முதல், சின்னப் பகுதி) கட்டாய ஜம்ப்பாக இருந்த ஃபிளிப் பாதியில் பிரிந்து சிங்கிளாகிவிட்டது. புரோட்டோகால் தாளில் (ஒவ்வொரு அம்சத்துக்கும் கிடைத்த மதிப்பெண் பட்டியல்) அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, எதிரே பூஜ்ஜியம். அதே தாளில் ஸ்டெப் சீக்வன்ஸ் லெவல் 2, காம்பினேஷன் ஸ்பின் லெவல் 2 (லெவல் 4 வரை உண்டு). காம்பொனென்ட் மதிப்பெண்கள், அதாவது சறுக்கும் திறனுக்கும் வெளிப்பாட்டுக்கும் 10க்குப் போடுபவை, மூன்றும் 5ஐ ஒட்டி.

இப்போது கோச் சொல்வது இது: பள்ளியை விட்டு ஆன்லைன் படிப்புக்கு மாற்றுங்கள், காலையும் மதியமும் ஐஸில் இருக்கட்டும், அடுத்த வசந்தத்துக்குள் டிரிபிள் ஆக்ஸல் (மூன்றரைச் சுற்று ஜம்ப்) வந்தாக வேண்டும், வராவிட்டால் காலம் கடந்துவிடும். வீட்டுக்காரர் சொல்வது அதற்கு நேர் எதிர்: "போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்." மகளைக் கேட்டால் "தெரியலை" என்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நான் கேட்க நினைப்பது மூன்று. ஜூனியராக இவளுக்கு உண்மையிலேயே எவ்வளவு காலம் இருக்கிறது? வளர்த்தியில் போன ஜம்ப் திரும்பி வருமா? பள்ளியை விட்டால்தான் இந்த விளையாட்டில் மேலே போக முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். மற்ற இரண்டும் எனக்குத் தெரிந்த விஷயமில்லை.

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரே ஒரு தேதிதான் முக்கியம்: சீசன் தொடங்கும் ஜூலை 1. அன்றைக்கு 13 நிறைந்திருக்க வேண்டும், 19 நிறைந்திருக்கக் கூடாது. தனிநபர் பிரிவில் ஜூனியர் என்றால் அவ்வளவுதான். சீனியர் வயது முன்பு 15 ஆக இருந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 15 வயது ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்தபின், 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய மாநாட்டில் இதை உயர்த்தினார்கள். 100 வாக்கு ஆதரவு, 16 எதிர்ப்பு. 2023-24 சீசனில் 16, 2024-25 முதல் 17.

உங்கள் மகள் நவம்பரில் பிறந்தவள். வருகிற ஜூலை 1 அன்று அவளுக்கு 14. அடுத்த ஜூலையில் 15, அதற்கடுத்து 16. இந்த மூன்று சீசனும் அவள் விரும்பினாலும் சீனியர் சாம்பியன்ஷிப் பக்கம் போக முடியாது. அதற்குப் பிந்தைய சீசனில்தான் 17 கணக்கு வரும். ஜூனியராகவோ அதற்குப் பிறகும் நீடிக்கலாம்: ஜூலை 1 அன்று 17 ஆக இருக்கும் சீசன், 18 ஆக இருக்கும் சீசன், இரண்டுமே அவளுக்குத் திறந்திருக்கும். ஆக ஜூனியராக ஐந்து சீசன் கையில் இருக்கிறது. கோச் சொல்கிற "காலம் கடந்துவிடும்" எந்தக் காலண்டரில் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தேதி பெரிய பெரிய ஆட்களையே தடுத்து நிறுத்தியிருக்கிறது. ஜப்பானின் மாவோ அசாடா 2005 டிசம்பரில் சீனியர் கிராண்ட் பிரி ஃபைனலையே வென்றார்; அவர் பிறந்தது செப்டம்பர் 25 என்பதால் வயது வரம்புக்கு மூன்று மாதம்கூட இல்லாத பற்றாக்குறையில் 2006 டூரின் ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியவில்லை. இந்தக் காலத்துக்கு வந்தால், அதே ஜப்பானின் மாவோ ஷிமாடா. 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் வரிசையாக உலக ஜூனியர் பட்டம். பிறந்தது 2008 அக்டோபர் 30. 2026 ஒலிம்பிக்ஸுக்கு அவருக்கும் வயது போதவில்லை.

பழைய ஜூனியர் எழுதியது:

அக்கா, வணக்கம். 18 வயது வரை ஜூனியராகச் சறுக்கியவள் நான். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த புரோட்டோகால் தாளை எடுத்து மறுபடி மேஜை மேல் வையுங்கள். நட்சத்திரக் குறியைப் பார்த்தே உங்கள் மூன்று பேருக்கும் வயிறு கலங்கிவிட்டது போலிருக்கிறது. அந்தத் தாளில் அதைவிடப் பெரிய சேதி வேறு இருக்கிறது.

முதலில் அந்தப் பூஜ்ஜியம். ஜூனியர் பெண்கள் ஷார்ட்டில் கட்டாய ஜம்ப் டபுளாகவோ டிரிபிளாகவோ இருக்கலாம். சிங்கிள் ஆனால் கணக்கிலேயே வராது. அதனால் வந்ததுதான் நட்சத்திரம். ஆட்டம் காணும் டிரிபிளைவிட, டபுள் ஃபிளிப்பைச் சுத்தமாகப் போட்டுவிட்டு வந்தால் கொஞ்சமாவது மிஞ்சும். வளர்கிற வருடத்தில் ஷார்ட்டுக்குள் போகும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழி மனதில் தயாராக இருக்க வேண்டும். முந்தைய காம்பினேஷன் (அடுத்தடுத்துப் போடும் இரண்டு ஜம்ப்) எப்படிப் போனது என்று பார்த்து அந்த நிமிடமே முடிவெடுக்கப் பழக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுப்பது கோச்சின் வேலை, டிரிபிள் ஆக்ஸலுக்கு முன்னால்.

இப்போது கணக்கு. கடந்த சில சீசன்களின் மதிப்புப் பட்டியலில் டிரிபிள் லுட்ஸ் 5.9, டிரிபிள் லூப் 4.9. நீங்கள் தூக்கம் கெட்டு அழுகிற லுட்ஸுக்கும், அவள் கையில் இன்னும் இருக்கிற லூப்புக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. காம்பினேஷன் ஸ்பின் லெவல் 2 என்றால் 2.5, லெவல் 4 என்றால் 3.5. அங்கேயும் அதே ஒரு புள்ளி. ஸ்டெப் சீக்வன்ஸ் லெவல் 2க்கு 2.6, லெவல் 4க்கு 3.9. இதெல்லாம் உயரம் கூடியதால் போன புள்ளிகள் இல்லை, முதலிலிருந்தே வாங்காமல் விட்டவை. ஸ்பின்னில் லெவல் ஏற்றும்போது யாருக்கும் இடுப்பெலும்பு விரிசல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. (முதுகை வளைத்துத் தலைக்கு மேல் பிளேடைப் பிடிக்கும் நிலை மட்டும் விதிவிலக்கு. அதை வளரும் பிள்ளைகளிடம் அளவோடுதான் கேட்பேன்.)

அடுத்து காம்பொனென்ட். கம்போசிஷன், பிரசன்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் என்று மூன்று. பெண்களுக்கு ஷார்ட்டில் 1.33ஆல் பெருக்குகிறார்கள், ஃப்ரீயில் (இரண்டாவது, நீளமான பகுதி) 2.67ஆல். மூன்றும் 5லிருந்து 6க்குப் போனால் ஷார்ட்டில் ஏறக்குறைய 4, ஃப்ரீயில் 8. சேர்த்தால் 12. சுத்தமான டிரிபிள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பே 8.0தான். அதுவும் சுத்தமாக வந்தால்! சுற்று அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் அதை டபுள் ஆக்ஸலாகவே எண்ணுவார்கள், 3.3. விழுந்தால் நடுவர்கள் தரத்துக்கு மைனஸ் 5 போடுவார்கள் (ஒவ்வொரு பிளஸ், மைனஸும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு), பாதி போய் 1.65. விழுந்ததற்குத் தனியாக 1 கழிப்பார்கள். மிச்சம் 0.65. அதே இடத்தில் நல்ல வேகத்தோடு ஒரு டபுள் ஆக்ஸல், பிளஸ் 3 வாங்கினால் 4.29. உங்கள் கோச்சுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. கையில் பேப்பரோடு போய்க் கேளுங்கள்.

ஜப்பானின் கவோரி சகாமோட்டோவை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். 2017 உலக ஜூனியரில் மூன்றாம் இடம். அன்றைக்கு முதலிடம் வந்த ரஷ்யாவின் அலினா சகிடோவா அடுத்த வருடமே 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், 2019 இறுதியில் போட்டிகளிலிருந்து விலகி நின்றார். சகாமோட்டோ 2022, 2023, 2024 என மூன்று உலகப் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றார். பெண்களில் 1966-68ல் பெகி ஃப்ளெமிங்குக்குப் பிறகு அதைச் செய்தவர் அவர்தான். குவாட் (நான்கு சுற்று ஜம்ப்) கிடையாது, டிரிபிள் ஆக்ஸல் கிடையாது. அவர் டபுள் ஆக்ஸலுக்குள் நுழைகிற வேகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜம்ப்புக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கவே மாட்டார். ரிங்கின் பாதியை ஒரே தாவலில் தின்றுவிடுவது போல இருக்கும்.

ஜம்ப் திரும்புமா என்று கேட்டீர்கள். வரும் என்று சத்தியம் பண்ணுகிறவரை நம்பாதீர்கள். ஐஸை விட்டு எழும்பி மறுபடி தொடுவதற்குள் முக்கால் நொடிகூட இல்லை. அதற்குள் மூன்று சுற்று. கை கால் நீண்டால் சுழற்சிக்குத் தடை கூடுகிறது; தசையின் பலம் எலும்பின் நீளத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும். பழைய உடம்புக்குப் பழகிய நேரக்கணக்கு இந்த உடம்புக்கு ஒத்துவராது. பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது டோ லூப்பும் சால்கோவும். லுட்ஸ் கடைசி, அதுவும் சிலருக்கு அரைகுறையாகத்தான். எனக்கு லூப் வரவே இல்லை, லுட்ஸ் வந்தது. ஏன் என்று யாரும் விளக்கவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் செய்யக்கூடாதது ஒன்று: வராத டிரிபிளை வரிசையாகப் போட்டுப் போட்டு விழுவது. தப்பான நேரக்கணக்கையே உடம்பு மனப்பாடம் பண்ணிக்கொள்ளும்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு நடுநிலை கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். வளரும் காலில் ஒரு நாளைக்கு இத்தனை லேண்டிங் என்று ஒரு அளவு உண்டு. ஐஸில் நேரத்தை இரட்டிப்பாக்கினால் அந்த அளவு இரட்டிப்பாகாது. மதியமும் ரிங்கில் இருந்தால் அவள் என்ன செய்வாள்? சும்மா இருக்க மாட்டாள், லுட்ஸைத்தான் போட்டுப் பார்ப்பாள். இன்னொன்று, பணம். 2010களில் ஒரு ஜூனியர் கிராண்ட் பிரியில் தனிநபர் தங்கத்துக்குப் பரிசு 2,000 டாலர். அதுவும் தங்கத்துக்கு! ஒரு கோரியோகிராஃபர், ஒரு ஜோடி பூட், பிளேடு, ரிங்க் வாடகை என்று நீங்கள் கட்டும் பில்லோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். என்னோடு ஜூனியரில் இருந்தவர்களில் சிலர் ஐஸ் ஷோவுக்குப் போனார்கள், சிலர் என்னைப் போலக் கோச்சானார்கள், ஒருத்தி டெக்னிக்கல் பேனலில் உட்கார்ந்து அடுத்தவர் ஜம்ப்பை ஸ்லோமோஷனில் குறை சொல்கிறாள் (சந்தோஷமாக). மற்றவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போனார்கள். கல்லூரிக்குப் போக முடிந்தது, ஏனென்றால் பள்ளியை முடித்திருந்தார்கள்.

குவாட் அப்பா எழுதியது:

பழைய ஜூனியர் தங்கச்சி சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். மீதி பாதி பழைய காலத்துக் கணக்கு. என் பையனும் ஜூனியர்தான், ஆன்லைன்லதான் படிக்கிறான், நல்லாத்தான் இருக்கான்.

சகாமோட்டோவ எல்லாரும் சொல்றாங்க. ஆனா இன்னிக்கு உலக ஜூனியர்ல மேடை ஏறணும்னா என்ன வேணும்? ஷிமாடா ஃப்ரீயில டிரிபிள் ஆக்ஸலும் குவாட் டோ லூப்பும் வச்சிருக்காங்க. அமெரிக்காவோட அலிசா லியு 2019ல ஜூனியர் கிராண்ட் பிரியில குவாட் லுட்ஸ் போட்டப்ப அவங்களுக்கு வயசு 14. பையன்கள் பக்கம் கேக்கவே வேணாம். 2022 உலக ஜூனியர் ஜெயிச்ச இலியா மாலினின், அதே வருஷம் செப்டம்பர்ல குவாட் ஆக்ஸலே போட்டுட்டாரு. உலகத்துலயே முதல் ஆள். புது சுற்று கத்துக்கணும்னா சின்ன வயசுலதான் பயம் இருக்காது. 17 வயசுல போய் முதல் தடவையா ஆக்ஸல் கத்துக்கிட்டவங்க எத்தன பேரு? கோச் அவசரப்படுத்தறாருன்னு சொல்லிடலாம், ஆனா அவரு சொல்றதுல விஷயமே இல்லன்னு தள்ளிடாதீங்க சகோதரி.

இடமும் ஒரு பிரச்சனை. ஜூனியர் கிராண்ட் பிரியில ஒருத்தர் ரெண்டு போட்டிக்கு மேல போக முடியாது. ஃபைனலுக்கு ஆறே பேரு. உலக ஜூனியருக்கு ஒரு நாட்டுலேர்ந்து அதிகபட்சம் மூணு பேரு, அதுவும் போன வருஷ ரிசல்ட்டப் பொறுத்துதான். அதுக்கு மேல குறைஞ்சபட்ச டெக்னிக்கல் மதிப்பெண் வேற வாங்கிக் காட்டணும். உங்க நாட்டுல நாலு பொண்ணு டிரிபிள் ஆக்ஸலோட நின்னா உங்க பொண்ணோட லெவல் 4 ஸ்பின் எந்த மூலைக்கு?

பழைய ஜூனியர் எழுதியது:

அண்ணா, சின்ன வயதில் பயம் குறைவு என்பது சரி. பையன்கள் கதையே வேறு: அவர்களுக்கு வளர்த்தியோடு தசையும் சேர்ந்து வருகிறது, 14ல் இல்லாத உயரம் 17ல் ஜம்ப்பில் வரும். உங்கள் மகனுக்கு எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அலிசா லியுவை நீங்களே இழுத்துவிட்டீர்களே. 13 வயதில் அமெரிக்க தேசிய பட்டம், 14ல் குவாட். 2022ல் ஒலிம்பிக்ஸில் ஆறாம் இடம், உலகப் போட்டியில் வெண்கலம், அடுத்த மாதமே 16 வயதில் "போதும்" என்று போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துத் தானாக வந்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன். அந்த ஃப்ரீயில் குவாடும் இல்லை, டிரிபிள் ஆக்ஸலும் இல்லை. சின்ன வயதில் கற்ற அந்த ஜம்ப்கள் அவருக்கு உலகப் பட்டம் வாங்கித் தரவில்லை.

நாலு பெண்கள் ஆக்ஸலோடு நிற்கிற நாடாக இருந்தால் உங்கள் வாதம் வலுவானதுதான், மறுக்கவில்லை. அப்படி நிற்கிற நாடுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அக்கா மகளுக்குப் போன வருடம் ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதாவது அவள் வரிசையில்தான் இருக்கிறாள். ஆக்ஸலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹார்னஸ் (விழாமல் மேலிருந்து தாங்கும் கயிற்றுக் கச்சை) கட்டி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள், சுற்று பழகட்டும். புரோகிராமுக்குள் வைப்பதற்குக் கெடு வைக்காதீர்கள், அவ்வளவுதான் என் சண்டை.

விளையாட்டு பிசியோ எழுதியது:

ஜம்ப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அம்மா, நீங்கள் எழுதியதில் வலி என்ற வார்த்தையே இல்லை. அது இல்லாததாலா, கேட்காததாலா? இந்த வயதுப் பிள்ளைகள் போட்டிக்கு அனுப்ப மாட்டார்களோ என்று பயந்து மறைப்பார்கள். மூன்று விஷயம் கேளுங்கள்.

இடுப்புக்கு மேலே, கீழ்முதுகில், ஒரு பக்கமாக வலிக்கிறதா? முதுகைப் பின்னால் வளைக்கும்போதோ லேண்டிங்கில் நிமிரும்போதோ கூடுகிறதா? லேபேக் ஸ்பின் (முதுகைப் பின்னால் வளைத்துச் சுழல்வது) போடும் பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். முதுகெலும்பில் அழுத்த முறிவாக இருக்கலாம். தைலம் தடவி ஓட்டக் கூடாது, ஸ்கேன் வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலி என்றால் பெரும்பாலும் வளர்ச்சியை ஒட்டியது, சுமையைக் குறைத்தால் அடங்கும். கணுக்காலுக்கு மேலோ பாதத்திலோ விரல் நுனியால் தொட்டு "இங்கே" என்று காட்டும்படி வலி, ராத்திரியிலும் விடாது என்றால் அன்றைக்கே ஐஸை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது மாதவிடாய். 15 வயது வரை தொடங்கவே இல்லை என்றாலும், தொடங்கி மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலும், பயிற்சி செய்யும் பெண்ணுக்கு அது "சகஜம்" இல்லை. உடம்புக்குப் போகும் உணவு பயிற்சிக்குப் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லிலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. முதலில் அடி வாங்குவது எலும்புதான். ஜம்ப் திரும்புவதற்காக எடையைக் குறைக்கச் சொல்லி யாராவது, கோச்சாகவே இருந்தாலும், அவளிடம் பேசியிருக்கிறார்களா என்று தனியாகக் கேட்டு வையுங்கள்.

அவசரம் என்கிறார்கள், ஒரு உதாரணம். டீயானா ஸ்டெல்லாடோ-டுடெக் 2000ல் உலக ஜூனியரில் வெள்ளி வாங்கியவர். இடுப்புக் காயங்களால் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். 33 வயதில் ஜோடிப் பிரிவில் திரும்பி வந்தார். 2024ல் மான்ட்ரியலில் மாக்ஸிம் டெஷாம்போடு கனடாவுக்காக உலக சாம்பியன், அப்போது வயது 40. எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் அவர் விட்டுவிட்டுப் போனபோது அவரைச் சுற்றி இருந்தவர்களும் காலம் கடந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ரிங்க் வாசல் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ அவர்கள் கேட்ட மூன்றையும் கேட்டேன். முதுகு வலி இல்லை. முழங்காலில் கொஞ்சம் இருக்கிறதாம், சொல்லவில்லை. எடையைப் பற்றி யாரும் பேசவில்லை என்கிறாள், நம்புகிறேன். டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது.

புரோட்டோகாலோடு கோச்சைப் போய்ப் பார்த்தோம். ஆன்லைன் படிப்புக்கு மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். முகம் சுருங்கியது, ஆனால் 0.65 கணக்கைக் காட்டியதும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஷார்ட்டில் டபுளுக்கு மாறும் வழியை இந்தக் கோடையிலேயே பழக்குவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் இந்தத் திரியை முழுக்கப் படித்தார்.

அவளும் படித்தாள். கீழே அவளே எழுதுகிறாள், என் கணக்கிலிருந்துதான்.

ரிங்க் வாசல் அம்மா எழுதியது (மகள்):

ஹாய். அம்மா லுட்ஸ் "போயிடுச்சு"ன்னு எழுதியிருக்காங்க. போகல. ஃபிளிப்பா மாறிடுச்சு. லுட்ஸ்னா பிளேடோட வெளி எட்ஜ்லேர்ந்து (வெளி ஓரம்) எழும்பணும், ஃபிளிப்னா உள் எட்ஜ். பிக் (பிளேடு முனையில இருக்கற பல்லு) அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எட்ஜ் உள்ள சாஞ்சிடுது, அதனால தப்பான எட்ஜ்னு ஈ குறி போட்டாங்க, சுத்தும் குறையுது. எனக்கே தெரியுது சாயுறது, ஆனா நிறுத்த முடியல. உயரம் வர்றதுக்கு முன்னாடியும் லேசா இருந்துச்சு, அப்ப தப்பிச்சிடுவேன். இப்ப சீசன் இல்லாதப்பவே எட்ஜ மாத்தலாமா, இல்ல முதல்ல டிரிபிள் திரும்ப வரட்டும், அப்புறம் மாத்திக்கலாமா? கோச் ரெண்டாவதுன்னு சொல்றாங்க. பழைய ஜூனியர் அக்கா பதில் சொன்னா நல்லா இருக்கும். அப்புறம், நான் நிறுத்த விரும்பல. யாரும் அத மட்டும் சரியா கேக்கல.

பழைய ஜூனியர் எழுதியது:

வாம்மா! உன் கேள்விதான் இந்தத் திரியிலேயே உருப்படியான கேள்வி.

இப்போதே மாற்று. டிரிபிள் கையில் இல்லாத நேரம்தான் எட்ஜை மாற்ற நல்ல நேரம், இழக்க ஒன்றும் இல்லையே. உள்சாய்வோடு டிரிபிள் திரும்பிவிட்டால் அப்புறம் அதை விடவே மனசு வராது. ஈ குறியும் சுற்றுக் குறைவும் சேர்ந்தால் 5.9 மதிப்பு 3.54 ஆகிவிடும். நல்ல டபுள் ஆக்ஸலே அதைவிடக் கூடத் தரும்.

ஆனால் உன் காலைக் குறை சொல்வதற்கு முன் பூட்டைப் பார். கால் வளர்ந்திருக்கிறது, பூட் மாற்றினாயா? வளரும் கால் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கித் தந்திருந்தால் குதிகால் உள்ளே ஆடும், எட்ஜ் நிற்காது. பூட் சரி என்றால் பிளேடு. இடது காலில் மட்டும் நின்று, எதுவும் செய்யாமல் நேராக முன்னால் சறுக்கிப் போ. தானாக உள்பக்கம் வளைந்தால் பிளேடு பொருத்தியதில் கோளாறு இருக்கலாம். பொருத்துகிறவரிடம் கொண்டுபோனால் தற்காலிக ஸ்க்ரூ போட்டு இம்மி இம்மியாக நகர்த்திப் பார்ப்பார். (நீ வலப்பக்கமாகச் சுற்றுகிறவள் என்றால் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்.)

அதுவும் சரி என்றால், ஜம்ப்பே வேண்டாம். பின்பக்கமாக, வெளி எட்ஜில், இடது காலில், ரிங்கின் மூலையிலிருந்து மூலைக்கு நீண்ட வளைவு. வலது காலைப் பின்னால் நீட்டு, பிக் அடிக்கப் போகிற நிலைக்குக் கொண்டுவா, அடிக்காதே, வெளி எட்ஜிலேயே தொடர்ந்து போ. அது ஆடாமல் வந்தபின் சிங்கிள் லுட்ஸ், பிறகு டபுள். டிரிபிளை ஹார்னஸில் மட்டும், கோச் ஒத்துக்கொள்கிற வரை. முழங்கால் பற்றி டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான் எண்ணிக்கை.

வீடியோ எடுக்கச் சொல்லு, அம்மாவையே. போனை ஐஸ் மட்டத்துக்குத் தாழ்த்தி, பிளேடின் குதிமுனை தெரிகிற மாதிரி உனக்குப் பின்னால் இருந்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் எட்ஜ் தெரியாது. பிக் ஐஸைத் தொடும் ஃப்ரேமில் நிறுத்தி, இங்கே போடு, பார்க்கிறேன்.